வீட்டுக்கு அழைத்து வருவது கைவிடுவதா?

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்!

  

இந்த வாரம் ஒரு கேள்வியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நம் வானூர் பகுதியிலும், மரக்காணம் உப்பளக் கரையோர ஊர்களிலும் ஒருவருக்குப் பெரிய நோய் என்றால் புதுச்சேரிக்குத்தான் ஓடுகிறோம். கோரிமேடு ஜிப்மரில் புற்றுநோய் மருத்துவத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது. விழுப்புரம் பக்கம் என்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாதக்கணக்கில் அலைகிறோம். கடைசியில் ஒரு நாள் டாக்டர் மகனைத் தனியாக அழைத்துச் சொல்கிறார்: "இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்."

அந்த மகன் என்னிடம் வந்து கேட்பது இதுதான்: "ஹஜ்ரத், அத்தாவை வீட்டுக்குக் கொண்டு வந்தால் நாங்களே கைவிட்டதாக ஆகிவிடாதா? நாளைக்கு அல்லாஹ் கேட்க மாட்டானா?" சவூதியில் இருக்கும் தம்பி, "எவ்வளவு செலவானாலும் வெண்டிலேட்டரில் வையுங்கள்" என்று போனில் அழுகிறான். சொந்தக்காரர்கள், "காசுக்குப் பார்த்துவிட்டார்கள்" என்று வாசலில் நின்று பேசுகிறார்கள். படுக்கையில் இருப்பவரிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இந்தக் கேள்விக்கு மார்க்கம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

நபியவர்களின் கடைசி நாட்கள்

ஹிஜ்ரி 11ம் ஆண்டு. நபி (ஸல்) அவர்களுக்குக் கடுமையான காய்ச்சல். மனைவியர் ஒவ்வொருவரின் வீட்டிலும் முறைப்படி தங்கி வந்தவர்கள், நாளை நான் எந்த வீட்டில் இருப்பேன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இருக்க விரும்புகிறார்கள் என்பதை மனைவியர் புரிந்துகொண்டு, எல்லோரும் மனமுவந்து அனுமதி கொடுக்கிறார்கள். அப்பாஸ் (ரலி) அவர்கள் ஒரு பக்கமும் அலி (ரலி) அவர்கள் மறு பக்கமும் தாங்கிப் பிடிக்க, பாதங்கள் தரையில் கோடு போட்டுக்கொண்டே வர, அந்தச் சிறிய வீட்டுக்குள் வருகிறார்கள். இதை ஆயிஷா (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். புகாரீயில் பதிவாகி இருக்கிறது.

அந்த வீட்டில் என்ன நடந்தது? உடம்பின் சூடு தணிய ஏழு தோல்பைத் தண்ணீர் ஊற்றப்பட்டது. பாதுகாப்புத் தேடும் சூராக்களை ஓதி, நபியவர்களின் கையாலேயே அவர்களின் மேனியைத் தடவிவிட்டார்கள் ஆயிஷா (ரலி). பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருந்தது. அதில் கையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) மிஸ்வாக் குச்சியோடு உள்ளே வந்தபோது நபியவர்களின் பார்வை அதன் மீது பட்டது. பேச முடியாத நிலை. வேண்டுமா என்று கேட்க, தலையசைத்தார்கள். அதை மென்று இளக்கிக் கொடுத்தார்கள் ஆயிஷா (ரலி). அவர்களின் நெஞ்சில் தலை சாய்ந்த நிலையிலேயே அந்தப் புனித உயிர் பிரிந்தது.

சகோதரர்களே, அந்தக் கடைசி நேரத்தில் செய்யப்பட்டவற்றைப் பாருங்கள். எதுவும் நோயைக் குணப்படுத்துவதற்காகச் செய்யப்பட்டதல்ல. தண்ணீர், ஓதல், தடவிக்கொடுத்தல், பல் துலக்க ஒரு குச்சி. ஆனால் இதை யாராவது கைவிட்டார்கள் என்று சொல்வார்களா? குணப்படுத்தும் காலம் முடிந்த பிறகும் பராமரிக்கும் கடமை முடிவதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை.

மருத்துவம் எந்த அளவுக்குக் கடமை?

மருந்து செய்யுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை இறக்கியிருக்கிறான் என்றும் சொன்னார்கள். அதே ஹதீஸில் ஒரு விதிவிலக்கையும் சொன்னார்கள்: முதுமை. உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இருக்கிறது. மனித உடம்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதை ஒத்துக்கொள்வது ஈமானுக்கு மாற்றமானதல்ல.

வலிப்பு நோயால் துன்பப்பட்ட ஒரு பெண்மணி நபியவர்களிடம் வந்து துஆ செய்யக் கேட்டார். பொறுமையாக இருந்தால் சொர்க்கம், விரும்பினால் குணமாக துஆ செய்கிறேன் என்று நபியவர்கள் இரண்டையும் அவர் முன்னால் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். வலிப்பு வரும்போது ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆ கேட்டார். நபியவர்கள் அதை ஏற்று துஆ செய்தார்கள். எல்லா நிலையிலும் எல்லா சிகிச்சையும் கட்டாயக் கடமை என்றிருந்தால் அந்தத் தேர்வை அவருக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இக்காலத்தில் உலக ஆலிம்கள் கூடும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992ல் ஜித்தாவில் இதைப் பற்றித் தீர்மானம் போட்டது. விட்டுவிட்டால் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து, அல்லது பிறருக்குத் தொற்றும் என்ற நிலையில் மருத்துவம் வாஜிப். மற்ற நிலைகளில் அதன் சட்டம் மாறும் என்று சொன்னது. இன்னொன்றையும் அழுத்திச் சொன்னது: குணமாகும் என்ற எதிர்பார்ப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோயாளியின் உடல் வலியையும் மன வேதனையையும் குறைக்கும் பணி தொடர வேண்டும்.

ஆக, பலன் தராது என்று நம்பத் தகுந்த மருத்துவர்கள் சொல்லிவிட்ட சிகிச்சையை நிறுத்தி வீட்டுக்கு அழைத்து வருவது பாவமல்ல. மரணத்தை அவசரப்படுத்தும் எந்தச் செயலும் ஹராம். ஊசி போட்டு முடித்துவிடுங்கள் என்று கேட்பது ஹராம். நோயாளி தன் மரணத்தை ஆசைப்படுவதைக்கூட நபியவர்கள் தடுத்தார்கள். மரணத்தை வரவழைப்பது வேறு. தடுக்க முடியாத இடத்தில் குழாய்களை எடுத்துவிட்டு, பிள்ளைகள் நடுவில் படுக்க வைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குணமாகும் வாய்ப்பு இருக்கும்போது செலவுக்குப் பயந்து அழைத்து வருவது இந்தச் சட்டத்தில் வராது. அரசு மருத்துவமனை இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, ஜமாஅத் இருக்கிறது, ஸகாத் இருக்கிறது. அதேபோல் வாய்ப்பே இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும், ஊர் பேசும் என்று பயந்து, வட்டிக்குக் கடன் வாங்கி ஐ.சி.யூ.வில் வைத்திருப்பதும் நன்மை இல்லை. எந்த உயிரையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்பது பகரா சூராவின் கடைசி வசனம் சொல்லும் செய்தி. அத்தாவை மண்ணறைக்கு அனுப்பிவிட்டு, வட்டியோடு பிள்ளைகள் போராடுவதை எந்த அத்தா விரும்புவார்?

வலியைக் குறைப்பது கடமை

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறோம். "வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம்" என்கிறார்கள். போய்ப் பார்த்தால் புற்றுநோய் வலியில் அந்த மனிதர் இரவெல்லாம் கத்திக்கொண்டிருக்கிறார். கையில் ஒரு சாதாரண வலி மாத்திரை. இது வீட்டுப் பராமரிப்பு அல்ல. இதுதான் கைவிடுவது.

பல குடும்பங்கள் அவசரத்தில் டாக்டர் சொல்லை மீறி அழைத்துச் செல்வதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அத்துடன் மருத்துவமனைக்கும் அவர்களுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகிறது. அப்படிச் செய்யாதீர்கள். டாக்டரிடம் உட்கார்ந்து பேசி, முறையாக டிஸ்சார்ஜ் வாங்குங்கள். வலி வந்தால் என்ன மருந்து, எத்தனை மணிக்கு ஒருமுறை, மூச்சுத் திணறினால் என்ன செய்வது, யாருக்குப் போன் செய்வது என்று எழுதி வாங்குங்கள். பாலியேட்டிவ் கேர் பிரிவு இருக்கிறதா என்று வாய்திறந்து கேளுங்கள். நோய் ஆதரவுச் சிகிச்சை என்று தமிழில் சொல்வார்கள். குணப்படுத்த முடியாத நோயில் வலியையும் வேதனையையும் குறைப்பதற்கென்றே உள்ள மருத்துவம் அது.

அங்கே மார்ஃபின் கொடுப்பார்கள். அது போதைப்பொருளாயிற்றே, ஹராம் இல்லையா என்று சிலர் வாங்க மறுக்கிறார்கள். சகோதரர்களே, போதைக்காகச் சாப்பிடுவது ஹராம். தாங்க முடியாத வலிக்கு, வேறு மருந்து போதாத நிலையில், டாக்டர் சொன்ன அளவில் கொடுப்பது நிர்ப்பந்தத்தின் சட்டத்தில் வரும், அது கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மார்ஃபினும் இருக்கிறது. நம் நாட்டில் 1985ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் அது கிடைப்பது சிரமமாக இருந்தது. 2014ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நடைமுறை எளிதாகியிருக்கிறது. வலி குறைந்தால்தான் அந்த மனிதரால் இரண்டு ரக்அத் தொழ முடியும், பேரப்பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியும், நிம்மதியாகக் கலிமா சொல்ல முடியும்.

நோயாளியின் வார்த்தை

நபியவர்களின் கடைசி நோயில் நடந்த இன்னொரு சம்பவம். மயக்க நிலையில் இருந்த நபியவர்களின் வாயின் ஓரத்தில் வீட்டில் இருந்தவர்கள் மருந்து ஊற்றினார்கள். வேண்டாம் என்று நபியவர்கள் சைகை காட்டினார்கள். நோயாளிகளுக்கு மருந்து பிடிக்காதது சகஜம்தானே என்று நினைத்து ஊற்றிவிட்டார்கள். தெளிவு வந்ததும், நான் தடுக்கவில்லையா என்று கண்டித்தார்கள். அந்த நேரத்தில் அங்கு இல்லாத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர, வீட்டில் இருந்த அத்தனை பேரின் வாயிலும் அதே மருந்தை ஊற்றச் சொன்னார்கள்.

அன்பினால் செய்தவர்கள்தான். ஆனாலும் நோயாளியின் மறுப்பை அலட்சியப்படுத்தியதை நபியவர்கள் லேசாக விடவில்லை. கடைசி நாட்களில் பசி குறையும். உடம்பு உணவைக் கேட்காது. நாம் மூக்கைப் பிடித்துக் கஞ்சி ஊற்றுகிறோம், அது புரை ஏறுகிறது. நோயாளிகளை உண்ணும்படி நிர்ப்பந்திக்காதீர்கள் என்ற கருத்தில் திர்மிதீயில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. கேட்டால் கொடுங்கள். இல்லையென்றால் பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டை ஈரமாக்குங்கள். இதை நம் ஃபுகஹாக்களும் சொல்லியிருக்கிறார்கள்.

வீடா, மருத்துவமனையா என்பதையும் அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் வீட்டைத்தான் சொல்வார்கள். ஆனால் ஓர் அம்மா, "வேண்டாம்பா, வலி வந்தால் அங்கே ஊசி போடுவார்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்றால் அதையும் மதியுங்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை என்றால் மருத்துவமனைதான் நல்லது. எங்கே அவருக்கு வேதனை குறைவோ, யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவர் விரும்புகிறாரோ, அதைத்தான் பார்க்க வேண்டும்.

உண்மையை மறைக்காதீர்கள்

"அத்தாவுக்குத் தெரியக்கூடாது ஹஜ்ரத், நீங்களும் சொல்லிவிடாதீர்கள்." இதைக் கேட்காத நோய் விசாரிப்பே இல்லை. ஆனால் நபி (ஸல்) அவர்கள் தம் மகள் ஃபாத்திமா (ரலி) அவர்களை அருகில் அழைத்து, இந்த நோயிலேயே நான் வஃபாத்தாவேன் என்று காதில் சொன்னார்கள். மகள் அழுதார்கள். பிறகு, என் குடும்பத்தில் என்னை முதலில் வந்து சேருபவர் நீதான் என்று சொன்னார்கள். மகள் சிரித்தார்கள். மறைத்திருந்தால் அந்த அழுகையும் இல்லை, அந்தச் சிரிப்பும் இல்லை.

உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 23ல் ஃபஜ்ர் தொழுகையில் குத்தப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வரப்பட்டார்கள். குடிக்கக் கொடுத்த பால் காயத்தின் வழியாக வெளியே வந்தபோது முடிவு தெரிந்துவிட்டது. உடனே மகன் அப்துல்லாஹ்வை அழைத்துத் தம் கடனைக் கணக்குப் பார்க்கச் சொன்னார்கள். ஏறத்தாழ 86,000 இருந்தது. அதை எப்படி அடைப்பது என்று சொன்னார்கள். தம் இரு தோழர்களின் அருகில் அடக்கம் செய்ய ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுமதி கேட்டு அனுப்பினார்கள். தம் நிலை தெரிந்ததால்தான் இதையெல்லாம் செய்ய முடிந்தது.

நாம் மறைப்பதால் என்ன ஆகிறது? யாருக்கு எவ்வளவு கடன் என்று சொல்லாமல் போகிறார். பல வருடங்களாகப் பேசாத தம்பியிடம் மன்னிப்புக் கேட்காமல் போகிறார். வஸிய்யத் எழுதாமல் போகிறார். முகத்தில் அடிப்பது போலச் சொல்லச் சொல்லவில்லை. அவர் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். கேட்கும் இடத்தைக் கொடுங்கள். அல்லாஹ்வின் மீது நல்லெண்ணத்தோடு மரணிக்கும்படி நபியவர்கள் தம் வஃபாத்துக்கு மூன்று நாட்களுக்கு முன் சொன்னார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிப்பது முஸ்லிமில் இருக்கிறது. அந்த நல்லெண்ணத்தை ஊட்டுவதுதான் பக்கத்தில் இருப்பவர்களின் வேலை.

தொழுகையும் கலிமாவும்

நின்று முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். தண்ணீர் பட முடியாதென்றால் தயம்மும். சிறுநீர்ப் பை மாட்டியிருப்பவர் நம் ஹனஃபி மத்ஹபில் மஃதூர். ஒரு வக்துக்கு ஓர் உளூ போதும். தலையால் சைகைகூடச் செய்ய முடியாதவரைத் தொழச்சொல்லி வற்புறுத்தக் கூடாது. ஒரு நாள் முழுவதையும் தாண்டி நினைவிழந்து கிடந்தவருக்கு அந்தத் தொழுகைகளின் களாவும் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள் தங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கலிமா சொல்லிக்கொடுப்பதிலும் நிதானம் வேண்டும். இமாம் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்களின் கடைசி நேரத்தில் ஒருவர் திரும்பத் திரும்பக் கலிமாவைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். நான் ஒரு முறை சொல்லிவிட்டால், வேறு பேச்சுப் பேசாத வரை அதன் மீதே இருக்கிறேன் என்று இமாம் அவர்கள் அவருக்கு உணர்த்தினார்கள். பத்துப் பேர் சுற்றி நின்று "சொல்லுங்க, சொல்லுங்க" என்று கத்துவது தல்கீன் அல்ல. ஒருவர் மெதுவாக, காதருகில், அவர் கேட்கும்படி சொன்னால் போதும்.

சுமை யார் மீது?

வீட்டுக்கு அழைத்து வருவது என்று முடிவெடுப்பது ஆண்கள். இரவில் எழுந்து இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது, புண்ணைத் துடைப்பது பெரும்பாலும் மருமகள். பெற்றோரைப் பராமரிக்கும் கடமை மகன் மீதும் மகள் மீதும்தான் இருக்கிறது. மருமகள் செய்வது அவள் தரும் உபகாரம். அதற்கான கூலி அல்லாஹ்விடம் பெரியது. ஆனால் உங்கள் கடமையை அவள் தலையில் வைத்துவிட்டு, நீங்கள் வாசலில் நாற்காலி போட்டு வருவோரை வரவேற்பதில் நன்மை தேடாதீர்கள்.

பத்ருப் போர் நடந்தபோது நபியவர்களின் மகள் ருகையா (ரலி) நோயுற்றிருந்தார்கள். அவர்களைப் பராமரிப்பதற்காகக் கணவர் உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவிலேயே தங்கினார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்கு உரிய நன்மையும் பங்கும் உங்களுக்கு உண்டு என்று நபியவர்கள் உறுதி கொடுத்தார்கள். கவனியுங்கள், நோயாளி மனைவியின் பக்கத்தில் இருந்த ஓர் ஆணுக்குக் கிடைத்த சிறப்பு இது. ஸயீத் பின் ஸைத் (ரலி) நோயுற்றிருக்கிறார் என்று ஒரு வெள்ளிக்கிழமை கேள்விப்பட்ட இப்னு உமர் (ரலி) அவர்கள் வாகனத்தில் புறப்பட்டுப் போனார்கள். அன்றைய ஜும்ஆவில் அவர்கள் கலந்துகொள்ளவில்லை. இதுவும் புகாரீயில் இருக்கிறது. ஆகவே, விட்டு வர முடியாத நோயாளியின் பக்கத்தில் இருப்பதற்காக இன்று பள்ளிக்கு வர முடியாத சகோதரரே, இதைப் படிக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்: நீங்கள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

மஹல்லா என்ன செய்யலாம்?

கேரளாவைப் பாருங்கள். 1993ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றோர் வலி நிவாரணத்துக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்த வேலை மலப்புறம் மாவட்டத்தில் ஊர் ஊராகப் பரவியது. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்த சாதாரண மக்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, நர்ஸோடு சேர்ந்து நோயாளிகளின் வீடுகளுக்குப் போகிறார்கள். செலவுக்கு மக்களின் சிறுசிறு நன்கொடைகள். 2008ல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே வகுத்தது. மலப்புறம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம். ஆனால் அந்தத் தொண்டர்கள் யாருடைய வீட்டு வாசலிலும் மதம் கேட்பதில்லை.

நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து நோய் ஆதரவுச் சிகிச்சை தருவதும் அடக்கம். நம் ஊர்களில் பலருக்கு இது தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் நோயாளியின் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.

ஒரு மகன் உப்பளத்தில் பாத்தி வாரப் போனால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். அத்தாவுக்காக அவன் ஒரு வாரம் வீட்டில் இருந்தால் கூலி போய்விடும். அந்தக் கூலியை மஹல்லா கொடுக்கலாமே! ஒரு தண்ணீர் மெத்தை, ஒரு சக்கர நாற்காலி, சாய்த்து நிமிர்த்தும் கட்டில் ஒன்று ஜமாஅத் பெயரில் வாங்கி வைத்தால் வீடு வீடாக மாறி மாறிப் பயன்படும். இரவில் இரண்டு மணி நேரம் இளைஞர்கள் முறைபோட்டுப் போய் உட்கார்ந்தால் அந்த மருமகள் கண் மூடுவாள். மய்யித்தைக் குளிப்பாட்டவும், தொழ வைக்கவும், தோளில் சுமக்கவும் ஃபர்ள் கிஃபாயா என்று ஓடி வருகிறோம், அல்ஹம்து லில்லாஹ். உயிரோடு இருக்கும்போது ஒரு நாள் சுமந்தால் என்ன? அதே மனிதர்தானே!

நோய் விசாரிக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஏன் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். அந்தக் குடும்பம் தன்னைத்தானே பலமுறை கேட்டு உடைந்துபோன கேள்வி அது. அதற்குப் பதிலாக, "இன்றைக்கு இரவு நான் இருக்கிறேன், நீங்கள் தூங்குங்கள்" என்று சொல்லுங்கள்.

அந்த மகனின் கேள்விக்கு வருகிறேன். அல்லாஹ் கேட்பான், நிச்சயம் கேட்பான். ஏன் வீட்டுக்கு அழைத்து வந்தாய் என்பதை விட, அழைத்து வந்த பிறகு எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்பதற்கு நாம் பதில் தயார் செய்ய வேண்டும். பெற்றோரில் ஒருவரோ இருவருமோ முதுமையை அடையும்போது அவர்களைப் பார்த்துச் சலிப்பின் சிறு சொல்கூடச் சொல்லாதே என்று பனூ இஸ்ராயீல் சூராவில் அல்லாஹ் கட்டளையிட்டானே, அந்தச் சொல் நம் வாயில் வரத் துடிப்பது ஆஸ்பத்திரி வராந்தாவில் அல்ல. நடு இரவில் மூன்றாவது முறையாகத் துணி மாற்றும்போதுதான். அந்த நேரத்தில் வாயை அடக்கிக்கொண்டு, "ஒன்றுமில்லை அத்தா, நான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டால், அதுவே உங்கள் பதில்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவைக் கொடுப்பாயாக! யாருக்கு நீ முடிவை எழுதிவிட்டாயோ, அவர்களின் வலியை லேசாக்குவாயாக! ஸகராத்தை எளிதாக்கி, கலிமாவோடு அவர்களை அழைத்துக்கொள்வாயாக! அவர்களின் பக்கத்தில் கண் விழித்து இருக்கும் பிள்ளைகளுக்கும், மருமகள்களுக்கும், மனைவியருக்கும், கணவர்களுக்கும் பொறுமையையும் உடல் பலத்தையும் கொடுத்து, அவர்களின் பணிவிடையை ஏற்றுக்கொள்வாயாக! அவர்களுக்குத் தோள் கொடுக்கும் ஜமாஅத்தாக எங்களை ஆக்குவாயாக!

ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!